பூநாரை தெரியும்... பழவேற்காட்டு முகத்துவாரம் தெரியுமா?

டிசம்பர் பிறந்துவிட்டால் சென்னையிலிருந்து பழவேற்காட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் கார்கள் வரிசைகட்டும். வந்ததும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, ''பூநாரை எங்கே நிக்குது?'' தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடு மாதிரி ஒன்று தெரியும். போனில் எவ்வளவு ஜூம் செய்தாலும் கோடு கோடாகவேதான் இருக்கும். நாலு போட்டோ, ஒரு தட்டு வறுத்த இறால், அப்படியே ரிட்டர்ன்.

பாலத்தைத் தாண்டி லைட் ஹவுஸ் குப்பம் பக்கம் போய், அங்கிருந்து வடக்கே பார்ப்பவர்கள் குறைவு. அங்கே மணல்மேடு ஓரிடத்தில் அறுந்து, ஏரியும் கடலும் கைகோக்கும். பார்த்தால் சாதாரண இடைவெளிதான். ஆனால், அந்த இளஞ்சிவப்புக் கோடும் தட்டில் இருந்த இறாலும் அடுத்த வருஷமும் இருக்குமா என்பதை முடிவு செய்வது அந்த இடைவெளி. அதுதான் முகத்துவாரம்.

பாறை இல்லாத கரை

கன்னியாகுமரி மாதிரி கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை முனையை இங்கே எதிர்பார்க்காதீர்கள். சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில், பொன்னேரியைத் தாண்டி வரும் இந்தக் கரை முழுக்க மணல். ஒரு பக்கம் வங்காள விரிகுடா, மறுபக்கம் ஏரி, நடுவே நீளமான மணல் திட்டு. அதன்மேல் லைட் ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம், அரங்கம்குப்பம் என மீனவர் ஊர்கள். அலையும் காற்றும் தினமும் கொஞ்சம் எடுத்து, கொஞ்சம் போட்டு, இந்த நிலத்தைத் திருத்திக்கொண்டே இருக்கின்றன.

ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தெற்கு முனை மட்டும் நம் திருவள்ளூர் மாவட்டத்தில். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே படுத்திருக்கும் நீளமான தீவுதான் நமக்கெல்லாம் தெரிந்த ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் கிளம்பும் நாளில், இந்தக் கரையில் நின்றே வானத்தில் நெருப்புக் கோடு ஏறுவதைப் பார்க்கலாம்.

இவ்வளவு பெரிய ஏரி என்றதும் ஆழமும் அதிகம் என்று நினைத்துவிடாதீர்கள். சராசரி ஆழம் சுமார் ஒரு மீட்டர்தான்! அந்த ஆழமின்மைதான் பறவைகளை இங்கே இழுக்கிறது.

தலைகீழ் சாப்பாடு

பூநாரைக்கு நீண்ட கால், நீண்ட கழுத்து, நடுவில் மடங்கிய அலகு. சாப்பிடும்போது தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விடும். நாக்கால் தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே தள்ள, அலகின் ஓரத்தில் இருக்கும் சல்லடை போன்ற அமைப்பில் நுண்ணிய பாசியும் சின்னஞ்சிறு உயிர்களும் தங்கிவிடும். அந்த உணவில் இருக்கும் நிறமிதான் இறகுக்கு இளஞ்சிவப்பைக் கொடுக்கிறது. பிறக்கும்போது குஞ்சு சாம்பல் கலந்த வெள்ளை. ஆக, பூநாரையின் நிறம் என்பது அது சாப்பிட்ட சாப்பாட்டின் நிறம்.

இப்படிச் சாப்பிட முழங்கால் அளவுத் தண்ணீர்தான் தோது. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பி நின்றால் பூநாரைகள் ஆழம் குறைந்த வேறு பகுதிக்கு நகர்ந்துவிடும். போன வாரம் பார்த்த இடத்தில் இந்த வாரம் இல்லையே என்று புலம்புவதில் அர்த்தமில்லை.

கூழைக்கடாக்களின் கதை வேறு. அவை கூடு கட்டுவது ஆந்திரப் பக்கம் இருக்கும் நேலப்பட்டு சரணாலயத்தில். குஞ்சுக்கு மீன் பிடிக்க வருவது இந்த ஏரிக்கு. தொட்டில் அங்கே, அடுப்படி இங்கே.

கடல் பக்கத்துக்கும் ஒரு விருந்தாளி உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி, மணலில் குழி தோண்டி, சுமார் நூறு முட்டைகள் இட்டுவிட்டுத் திரும்பும். ஆமைக்கு மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். இழுவலையில் சிக்கினால் மூச்சுத்திணறிச் செத்துப்போகும். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கியதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்ற விதி ஏட்டில் இருக்கிறது.

இறாலின் இரண்டு வீடுகள்

இப்போது முகத்துவாரத்துக்கு வருவோம். இறால் முட்டையிடுவது கடலில். கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கும் குஞ்சுகள் ஓதம் ஏறும்போது முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து, பெரிய மீன்களுக்குப் பயப்படாமல் சில மாதங்கள் வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்பும். மடவை மாதிரியான மீன்களுக்கும் இந்தப் போக்குவரத்து உண்டு. வாசல் ஒன்றுதான்.

மழைக்காலத்தில் ஆரணி ஆறும் மற்ற ஆறுகளும் கொண்டுவரும் வெள்ளம் மணலைத் தள்ளிக்கொண்டு கடலுக்குள் பாயும். வாசல் அகலமாகத் திறக்கும். கோடையில் ஆற்றில் தண்ணீர் இருக்காது. அலை மணலைக் கொண்டுவந்து குவிக்க, வாசல் குறுகிச் சில வருடங்களில் மூடியே விடும். அப்போது ஏரித் தண்ணீர் வெயிலில் வற்றி, உப்பு ஏறி, மீன் சாகும். புதிய குஞ்சும் உள்ளே வராது. ஏரியில் பிடிப்பவர்களுக்கு மட்டுமா கஷ்டம்? ஏரிக்குள் படகைக் கட்டிவைத்துக் கடலுக்குப் போகிறவர்களுக்கும் அதுதான் பாதை. தரை தட்டினால் படகு கவிழும். ஆந்திரப் பக்கமும் ஏரிக்கு வாய்கள் உண்டு. அங்கேயும் இதே மணல் பிரச்னைதான்.

இன்று உனக்கு, நாளை எனக்கு

ஏரிக்குள் 'பாடு' என்றொரு ஏற்பாடு இருக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள், இறால் நன்றாக விழும் இடங்களில் முறைவைத்து வலை கட்டுவார்கள். நல்ல இடம் ஒருவருக்கே சொந்தம் கிடையாது; முறை சுற்றி வரும். ஆனால், இந்த முறைக்குள் எல்லோரும் இல்லை. வெளியே நிற்பவர்களுக்கும் உள்ளே இருப்பவர்களுக்கும் உரசல்கள் நடந்திருக்கின்றன. வலையே இல்லாமல், இடுப்பளவுத் தண்ணீரில் அமர்ந்து சேற்றைத் தடவிக் கையாலேயே இறால் பிடிக்கும் இருளர் பெண்களும் இதே ஏரியை நம்பித்தான் இருக்கிறார்கள். முகத்துவாரம் மூடினால் முதலில் அடி விழுவது அவர்களுக்கு. வேறு இடம் தேடிப்போகப் படகு வேண்டுமே!

மணலைத் தடுத்தால் என்ன ஆகும்?

முகத்துவாரம் மூடாமல் இருக்க இருபுறமும் கல்சுவர் எழுப்ப வேண்டும் என்பது மீனவர்களின் பல வருடக் கோரிக்கை. சுமார் 27 கோடி ரூபாயில் அதற்கான திட்டத்தைத் தமிழக அரசு அறிவித்தது. தேவை நியாயமானது. கூடவே ஒன்றையும் கவனிக்க வேண்டியிருக்கிறது.

நம் கிழக்குக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே சுவர் வந்தால் தெற்கில் மணல் சேரும். வடக்கில் கடல் கரையைத் தின்னும். சென்னைத் துறைமுகம் வந்த பிறகு மெரினா அகலமானதும், ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடல் ஊருக்குள் வந்ததும் இதே கணக்கில்தான். பழவேற்காட்டுக்குத் தெற்கே ஏற்கெனவே எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்கள் இருக்கின்றன. காட்டுப்பள்ளியை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிவாக்கும் திட்டத்தைப் பழவேற்காட்டு மீனவர்கள் எதிர்ப்பது இதனால்தான். 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்ட கருத்துக்கேட்புக் கூட்டங்கள் நடக்கவில்லை. மெரினாவில் வாக்கிங் போகிறவர்களுக்கு இந்த எதிர்ப்பு சட்டென்று புரியாது. திருவொற்றியூர்க்காரர்களுக்குப் புரியும்.

போகிறீர்களா?

ஜனவரி, பிப்ரவரி நல்ல நேரம். கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் பொன்னேரியில் இறங்கினால் பஸ் உண்டு. பைனாகுலர் கட்டாயம். ஊருக்குள் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாசலில் எலும்புக்கூடு சிற்பங்கள் நின்று வரவேற்கும். குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்!

ஒரே ஒரு எச்சரிக்கை. 'சும்மா ஒரு ரவுண்டு' என்று படகில் ஏறாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். கலங்கரை விளக்கம் வரை சாலையிலேயே போகலாம். அங்கிருந்து மணலில் நடந்தால், ஓதம் இறங்கும் நேரத்தில் ஏரித் தண்ணீர் கடலுக்குள் போவது தெரியும். இரண்டு தண்ணீருக்கும் நிறம் வேறு. ஊர்க்காரர் யாராவது நின்றால், ''இந்த வருஷம் வாய் எப்படிண்ணே இருக்கு?'' என்று கேட்டுப் பாருங்கள். பூநாரையைப் பற்றிக் கேட்டால் கையை மட்டும் நீட்டுவார்கள். இதைக் கேட்டால் உட்கார்ந்து பேசுவார்கள்.