“பூச்சி மருந்துங்க” என்றால் போதுமா?



பயிருக்குத் தெளிப்பதும் மருந்து, காய்ச்சலுக்கு விழுங்குவதும் மருந்து என்று சொல்லிப் பழகிவிட்டோம். வயலில் இதனால் கெடுதல் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில்தான் சிக்கல்.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் வட்டாரத்தில் பருத்திக்குத் தெளித்துக்கொண்டிருந்த ஒருவர் மயங்கி விழுந்தார். அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். “என்ன மருந்து?” என்று கேட்டார் டாக்டர். “பூச்சி மருந்துங்க” என்றார் கூட வந்தவர். “பேர் என்ன?” “வெள்ளை டப்பாங்க.” குறிகளைப் பார்த்து டாக்டர் வைத்தியத்தைத் தொடங்கிவிட்டார். ஆனாலும் டப்பாவுக்காக ஒரு ஆள் திரும்ப வயலுக்கு ஓட வேண்டியதாயிற்று. ஆள் பிழைத்தார். ஆனால் அந்த முக்கால் மணி நேரம் அவர் சம்சாரம் பட்ட பாடு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பேரை எதற்குக் கேட்கிறார்கள்? மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் இனத்து விஷம் ஏறினால் கண்மணி சுருங்கும், எச்சில் ஒழுகும், வேர்த்துக் கொட்டும், நெஞ்சில் நீர் கோத்து மூச்சுத் திணறும். இதற்கு அட்ரோபின் ஊசி உண்டு. நெஞ்சு தெளியும் வரை திரும்பத் திரும்பப் போடுவார்கள்.

இப்போது கடை அலமாரியைப் பாருங்கள். புது இன மருந்துகள், கலவை மருந்துகள், களைக்கொல்லிகள் என்று வரிசையாக நிற்கின்றன. விஷம் மாறினால் வைத்தியமும் மாற வேண்டுமல்லவா? இமிடாகுளோபிரிட்டுக்கு மாற்று மருந்து கிடையாது. உண்டாகும் தொந்தரவுக்குத் தக்கபடிதான் வைத்தியம். குளோர்பைரிபாஸும் சைபர்மெத்ரினும் கலந்ததென்றால் இரண்டு விஷத்தையும் கவனிக்க வேண்டும். பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கும் மாற்று மருந்து இல்லை. மூச்சுத் திணறினால் பிராணவாயு கொடுப்பது வழக்கம். இந்த விஷத்திலோ அதுவே நுரையீரல் கேட்டைக் கூட்டும். அதனால் டாக்டர் அளந்துதான் கொடுப்பார். பேர் தெரியாவிட்டால் எப்படி அளப்பது?

எலி மருந்திலும் இதே கதைதான். ஒரு வகை, இரத்தம் உறையாமல் செய்யும். அதற்கு வைட்டமின் கே இருக்கிறது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பேஸ்ட் வேறு மாதிரி. முதல் ஒன்றிரண்டு நாள் ஆள் நன்றாகவே இருக்கலாம்; பிறகு கல்லீரல் கெடும். “ஒண்ணுமில்லீங்க, வீட்டுக்குப் போறோம்” என்று அழைத்து வந்துவிடாதீர்கள்.

ஆகவே, ஆளோடு டப்பாவும் போகட்டும். 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ், லேபிளிலும் கூட வரும் துண்டுத்தாளிலும் வேதிப்பெயர், விஷக்குறி, முதலுதவி, மாற்று மருந்து ஆகிய விவரங்கள் தர வேண்டும். முக்கோணத்தின் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை நிறங்கள் விஷத்தின் கடுமையைத்தான் காட்டும். என்ன விஷம் என்று சொல்லாது. கடையில் சொல்லும் பேரும் போதாது. ஒரே சரக்கு பல பேரில் விற்கிறது.

அவசரத்தில் செய்ய வேண்டியவை: 108-க்குச் சொல்லுங்கள். மருந்து பட்ட துணியைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கழுவுகிறவர் கையுறை போட்டுக்கொள்வது நல்லது. கண்ணில் பட்டிருந்தால் கால் மணி நேரம் சுத்தமான தண்ணீர் விட்டுக்கொண்டே இருங்கள். மயங்கியவரை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். உப்புத் தண்ணீர், புளிக்கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. அது நுரையீரலுக்குள் போய்விடும். எண்ணெய், பால் எதுவும் புகட்ட வேண்டாம்.

இன்னொன்று. மிச்ச மருந்தைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். காலி டப்பாவை வீட்டுக்கு எடுக்காதீர்கள். 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது. வேறு பாத்திரத்துக்கு மாறிய விஷத்துக்கு லேபிள் ஏது?

இன்றைக்கே வீட்டில் இருக்கும் டப்பாக்களை எடுத்துப் பாருங்கள். படித்த பிள்ளையை விட்டு வேதிப்பெயரை ஒரு சீட்டில் எழுதச் சொல்லி, தெளிப்பான் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். டப்பாவைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். ஆஸ்பத்திரியில் கேட்டால், “பூச்சி மருந்துங்க” என்று நிறுத்திக்கொள்ளாமல் பேரைச் சொல்லுங்கள்.