அளவறிந்து ஏறுதல்

இளமையில் நாள்தோறும் மிதிவண்டி ஊர்ந்த ஒருவர், தொழிலாலும் குடும்பப் பொறுப்பாலும் அதனைக் கைவிட்டு, இருபது இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து மீண்டும் விரும்புதல் உலகில் பலவிடத்தும் காணப்படுவதே. அத்தகையோர் கடைக்குச் சென்றதும், “எனக்குப் பதினெட்டு அங்குலம் பொருந்தும்” என்று பழைய எண்ணைக் கூறி வண்டி கேட்பர். கிடைத்ததை வாங்கி ஏறுவர். சில கிழமைகளில் முழங்கால் நோகும், கை மரத்துப்போகும், இறக்கத்தில் இனம் தெரியாத அச்சம் தோன்றும். வயதாகிவிட்டது, இனி இஃது ஆகாது என்று முடிவு செய்து வண்டியைச் சுவரோரம் சாத்திவிடுவர். வயதின்மேல் சுமத்தப்படும் இக்குற்றம் பலமுறை வண்டியின் அளவினதே. மலைப்பாதையில் ஊரும் மிதிவண்டியில் இப்பிழை எளிதில் நேர்ந்துவிடும். அதன் காரணத்தை அறிய, அவ்வண்டியின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில், சான்பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே மரீன் என்னும் மாவட்டம் உள்ளது. 1970-களில் அங்கு வாழ்ந்த இளைஞர் சிலர், 1930, 1940-களில் செய்யப்பட்ட, தடித்த டயர்களையுடைய பழைய வண்டிகளைத் தேடியெடுத்து, டமால்பைஸ் மலையிலும் அதனைச் சூழ்ந்த குன்றுகளிலும் மண்பாதைகளில் இறங்கி மகிழ்ந்தனர். 1976 அக்டோபர் 21-ஆம் நாள் அவர்கள் ஒரு செங்குத்தான பாதையில் பந்தயம் தொடங்கினர். அப்பாதைக்கு ‘ரீபேக்’ என்று பெயர். இறங்கும் வேகத்தில் பின்சக்கரப் பிரேக் கொதித்து, உள்ளிருந்த கிரீஸ் புகையாய்ப் போய்விடும். இறக்கம் முடிந்ததும் புதிதாக அடைத்தாக வேண்டும். மீண்டும் அடைத்தல் என்னும் பொருளுடைய சொல்லே பாதையின் பெயராயிற்று! 1977-இல் ஜோ பிரீஸ் என்பவர் மலைப்பாதைக்கென்றே புதிய சட்டம் ஒன்றைச் செய்தார். 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக் போட்டியில் இவ்வூர்தி இடம்பெற்றது.

முதலில் எடுத்தாண்ட பழைய வண்டிகளின் சக்கரம் 26 அங்குலமாக இருந்தமையின், அவ்வளவே நெடுங்காலம் வழக்கில் நின்றது. சட்டத்தின் அளவோ, மிதிகட்டைகள் சுழலும் அச்சிலிருந்து மேலே இருக்கையை நோக்கிச் செல்லும் குழாயின் நீளத்தைக்கொண்டு கூறப்பட்டது. நம் நாட்டுச் சாலைகளில் 22 அங்குல வண்டி, 24 அங்குல வண்டி என்று சொல்வதும் இக்குழாயின் நீளத்தையே குறிக்கும். அதனைச் சக்கரத்தின் அளவென்று கருதுவோரும் உளர். அவ்வண்டியின் மேற்குழாய்க்குக் கீழே காலை நுழைத்துக் ‘குரங்குப் பெடல்’ போடும் சிறுவனுக்கு, அளவு பொருந்தாமையின் துன்பத்தை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

அங்குலக் கணக்கிலும் ஒருமைப்பாடு இருந்ததில்லை. சிலர் குழாயின் மேல்முனை வரை அளந்தனர். சிலர் மேற்குழாய் வந்து கூடும் இடத்தின் நடுவரை அளந்தனர். ஆகவே ஒருவர் செய்த பதினெட்டும் மற்றொருவர் செய்த பதினெட்டும் வேறுவேறாயின. இன்று பெரும்பாலான மலைவண்டிகள் சிறிது, நடுத்தரம், பெரிது என எழுத்துக்களால் குறிக்கப்படுகின்றன. அவற்றுக்கும் பொதுவான சட்டதிட்டம் இல்லை. செய்வோர் ஒவ்வொருவரும் தத்தம் அட்டவணையை வைத்துள்ளனர்.

வண்டியின் வடிவமே மாறிவிட்டது என்பதுதான் திரும்பி வருவோர் அறியாத செய்தி. சக்கரம் 27.5 அங்குலமாகவும் 29 அங்குலமாகவும் வளர்ந்தது. 1990-களில் கைப்பிடியைத் தாங்கும் ‘ஸ்டெம்’ என்னும் உறுப்பு 120 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் நீண்டிருந்தது. இன்று பெரும்பாலும் 35 முதல் 50 மில்லிமீட்டரே. கைப்பிடியின் அகலம் 600 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்தது, இன்று 760-ஐயும் கடக்கிறது. முன்னுறுப்புக் குறுகிய அளவிற்குச் சட்டம் நீண்டது. பழகிய கண்ணுக்குப் புதிய சட்டம் மிகப் பெரியதாய்த் தோன்றும். அதற்கு அஞ்சி ஓர் அளவு குறைத்து வாங்குவோர், உடல் ஒடுங்கி, முழங்கால் கைப்பிடியருகே வந்து இடிக்க, பெட்டிக்குள் அமர்ந்தவர்போல் வருந்துவர்.

ஆதலின் இன்று முதலில் நோக்கத்தக்கது ‘ரீச்’ என்னும் அளவு. மிதிகட்டையின் அச்சிலிருந்து நேர்மேலே ஒரு கோடு எழுவதாகக் கொண்டு, அக்கோட்டிலிருந்து சட்டத்தின் முன்தலைக் குழாயின் உச்சி வரையுள்ள கிடைநீளமே அது. இதன் சிறப்பு யாதெனில், மலையிறங்குவோர் இருக்கையில் அமர்வதில்லை. மிதிகட்டைகள்மீது நின்றே இறங்குவர். நிற்பவருக்கு இருக்கை எங்கிருந்தால் என்ன? காலூன்றும் அச்சுக்கும் கைபற்றும் இடத்துக்கும் உள்ள தொலைவே அவரைக் காக்கும். அது குறைந்தால், செங்குத்தான இறக்கத்தில் உடல் முன்சக்கரத்தின்மேல் சாய்ந்து, தலைகுப்புற விழ நேரும். மிகுந்தால் கைகள் விறைத்து, முன்சக்கரத்தில் பளு குன்றி, திருப்பத்தில் அது வழுக்கும். இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தி இக்குறையைத் தீர்க்க இயலாது. சட்டம் வாங்கும்போதே தீர்ந்திருக்க வேண்டும்.

இருக்கையின் உயரம் அப்படியன்று; அதனைப் பின்னர்த் திருத்திக்கொள்ளலாம். வெறுங்காலுடன் சுவரையொட்டி நின்று, ஒரு தடித்த நூலைக் கால்களிடையே மேலே அழுத்திப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளந்தால் காலின் உள்ளளவு கிடைக்கும். அதனை 0.883-ஆல் பெருக்கினால், மிதிகட்டை அச்சிலிருந்து இருக்கையின் மேற்பகுதி வரை இருக்கவேண்டிய உயரம் ஏறத்தாழப் புலனாகும். உள்ளளவு 80 சென்டிமீட்டராயின் உயரம் 70.6 சென்டிமீட்டர். பிரெஞ்சுப் பயிற்சியாளர் சிரில் கிமார், அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் ஆகியோரால் 1980-களில் பரவிய இக்கணக்கு சாலைப் பந்தயத்திற்குரியது. மலைப்பாதையில் இதனினும் சிறிது தாழ்த்துவது வழக்கம். கணக்கு வேண்டாதார் இருக்கையில் அமர்ந்து, கீழ்நிலையிலுள்ள மிதிகட்டைமேல் குதிகாலை வைத்துப் பார்க்கலாம். கால் நேராய் நின்றால் உயரம் சரி. முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சிறிதே வளையும்.

நெடுநாள் பயிலாதவர், இருக்கையிலிருந்தபடியே இரு காலும் தரையில் ஊன்ற வேண்டும் என்று எண்ணி அதனை மிகத் தாழ்த்திவிடுவர். அச்சத்தால் செய்யும் இச்செயலே முழங்காலின் முன்புறத்தில் நோவை விளைப்பது. மிக உயர்த்தினாலோ, இடுப்பு இருபுறமும் ஆடி, முழங்காலின் பின்புறம் நோகும். விசையொன்றை அழுத்த இறங்கி, விடுத்தால் எழும் இருக்கைத் தண்டு இன்று உண்டு. அச்சமுடையோர் அதனைப் பெறுதல் தக்கது.

உடலும் பழைய உடல் அன்று. கால் எலும்பின் நீளம் மாறாது. முதுகும் தொடையின் பின்தசையும் வளையும் தன்மை குன்றும். பத்தொன்பது வயதில் கைப்பிடிமேல் குனிந்து கிடந்தவர் நாற்பத்தைந்தில் அவ்வாறு கிடத்தல் அரிது. இதற்குச் சட்டத்தைக் குறைக்க வேண்டுவதில்லை. கைப்பிடியைச் சற்று உயர்த்தினால் போதும். இரண்டளவுகளுக்கிடையே ஒருவர் நின்றால், கையும் உடலும் நீண்டவர் பெரியதையும், வளைந்து நெளியும் குறுகிய காட்டுப்பாதையை விரும்புவோர் சிறியதையும் கொள்ளலாம். மேற்குழாயின் மேல் கவட்டுக்கு ஐந்து சென்டிமீட்டரேனும் இடைவெளி வேண்டும் என்னும் பழைய விதி இன்றும் மெய்யே. ஆயினும் இக்காலச் சட்டங்களில் அக்குழாய் தாழச் சரிந்திருத்தலால், பொருந்தாத வண்டியும் இத்தேர்வில் எளிதில் தேறிவிடும்.

கடையின் சமதளத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வருதல் போதாது. கடைக்காரர் இசைந்தால் ஓர் ஏற்றத்திலும் ஓர் இறக்கத்திலும் ஓட்டிப் பார்த்தல் வேண்டும். இறக்கத்தில் நின்றபடி முழங்கையைச் சிறிது வளைத்து, உடலை முன்னும் பின்னும் அசைக்க இடமுண்டா என்று காணவேண்டும். வாங்கிய பின்னரும் முதல் மாதத்தில் இருக்கையை மூன்று மில்லிமீட்டர், ஐந்து மில்லிமீட்டர் எனச் சிறிது சிறிதாகவே மாற்றி, மாற்றுந்தோறும் தண்டில் ஓர் ஒட்டுத்துணியால் அடையாளமிட்டு வைப்பர் தேர்ந்தோர்.