இருதயத்திற்கு இரத்தம்: குழாய்களை விரிக்கும் மருந்துகளின் பணி

திருவனந்தபுரத்திற்குத் தெற்கே சுமார் 16 கிலோமீட்டர் தொலைவிலுள்ள விழிஞ்ஞம், நெடுங்காலமாக மீன்பிடித் தொழிலால் வாழ்ந்து வரும் ஊராகும். 2025 மே 2 அன்று அங்கு பன்னாட்டுத் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கடலில் வலை இழுப்பவருக்கு உடல் உழைப்பே மூலதனம். உழைப்பின் நடுவே நெஞ்சு வலி தோன்றினால், நாவின் அடியில் வைக்கும் சிறு மாத்திரை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை அறிந்திருத்தல் அவசியம்.

பற்றாக்குறையின் தோற்றம்

ஓய்வு நிலையில் இருதயத் தசைக்குக் கரோனரி தமனிகள் வழியே நிமிடத்திற்குச் சுமார் 250 மில்லி லிட்டர் இரத்தம் செல்கிறது. அதிலுள்ள பிராணவாயுவில் ஏறத்தாழ 70 சதவீதத்தை அந்நிலையிலேயே தசை எடுத்துக்கொள்கிறது. ஆகவே, உழைப்பு கூடும்பொழுது இரத்த ஓட்டம் பெருகியே தீர வேண்டும். கொழுப்புப் படிவால் தமனி குறுகியிருப்பின் இது இயலாது. தேவைக்கும் அளிப்புக்கும் இடையே ஏற்படும் இப்பற்றாக்குறையின் அறிகுறியே நெஞ்சு வலி.

மருந்து செயற்படும் விதம்

1867இல் பிரிட்டனின் லாடர் பிரண்டன் அமைல் நைட்ரைட்டையும், 1879இல் வில்லியம் மர்ரெல் நைட்ரோகிளிசரினையும் இவ்வலிக்குப் பயன்படுத்திக் காட்டினர். நைட்ரோகிளிசரின் உடலில் நைட்ரிக் ஆக்சைடாக மாறி, குழாய்ச் சுவரின் தசையைத் தளர்த்துகிறது. நைட்ரிக் ஆக்சைடு இரத்த ஓட்ட மண்டலத்தில் ஆற்றும் பணியைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அடைபட்ட தமனியை மருந்து திறந்துவிடுகிறது என்பது பொதுவான எண்ணம். பெரிய கரோனரி தமனிகள் ஓரளவு விரிவதும், அவற்றின் இறுக்கம் தளர்வதும் உண்மையே. ஆயினும், முக்கியப் பயன் சிரைகள் விரிவதால் கிடைப்பதாகும். சிரைகளில் இரத்தம் தங்குவதால் இருதயத்திற்குத் திரும்பும் அளவு குறைகிறது. அறைச் சுவரின் இழுவிசை தணிகிறது. பிராணவாயுத் தேவையும் குறைகிறது.

விரிப்பது எல்லாம் நன்மையே என்றும் கொள்ளலாகாது. அடைப்பிற்கு அப்பாலுள்ள சிறு குழாய்கள் ஏற்கெனவே விரிந்திருக்கும். டைபிரிடமோல் போன்ற மருந்து நலமான பகுதியின் சிறு குழாய்களை விரிக்கும்பொழுது, இரத்தம் அப்பக்கம் ஈர்க்கப்பட்டு, நலிந்த பகுதி மேலும் வறளக்கூடும்.

கவனிக்க வேண்டியவை

மாத்திரை கொழுப்புப் படிவைக் கரைப்பதில்லை. வலி தணிவது நோய் தீர்ந்ததற்கு அடையாளமன்று. இரத்த அழுத்தம் சட்டென இறங்கக்கூடுமாதலால் அமர்ந்த நிலையிலேயே இதைக் கொள்ள வேண்டும். ஆடும் படகில் இது மிக முக்கியம். ஐந்து நிமிடங்களில் வலி தணியாவிடில் உடனே மருத்துவமனையை நாட வேண்டும். சில்டெனாபில் உட்கொண்டவர்களுக்கு இம்மருந்து ஆபத்தானது. வெப்பத்திலும் ஈரத்திலும் வீரியம் குறைவதால், மருந்தை மூடிய கண்ணாடிப் புட்டியிலேயே வைத்தல் நலம். கடலோர மருந்துக் கிடங்குகளைப் பராமரிப்போர் இதை நினைவிற்கொள்ள வேண்டும்.

1980இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல், தொழில்நுட்ப நிலையம் திருவனந்தபுரத்திலேயே உள்ளது. மாத்திரை நோயாளிக்குச் சிறிது அவகாசம் அளிக்கிறது. அந்த அவகாசத்திற்குள் அவரைக் கரைக்கும், கரையிலிருந்து சிகிச்சைக்கும் கொண்டு சேர்க்கும் ஏற்பாடுகளைச் செய்வது நிர்வாகத்தின் பொறுப்பாகும்.