உஷார்! அப்பா இஸ்தோப்பிலேயே உட்கார்ந்திருக்கிறாரா?

60 ஆச்சு. வேலையில் இருந்து நின்றாச்சு. சேமலாபப் பணமும் வந்தாச்சு. "மலையில மாரடிச்சது போதும்ப்பா, இனி சும்மா இருங்க" என்று பாசமாகச் சொல்கிறீர்களா? தயவுசெய்து சொல்லாதீர்கள். அந்தச் 'சும்மா'தான் ஆளைச் சாய்க்கிறது!

பசறைப் பக்கத் தோட்டமொன்றில் நடந்தது இது. கவ்வாத்து வெட்டில் பேர் எடுத்த ஒரு அப்பா. நின்ற பிறகு இஸ்தோப்பே கதி. சோறும் தேத்தண்ணியும் கைக்கே வந்தன. கவ்வாத்துக் கத்தி கூரையிடுக்கில் துருவேறியது. இரண்டே வருசம். லயத்து வாசலில் மூன்று படி. இரண்டாவது படியில் கால் மடங்கி விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது. செங்குத்து மலையில் ஏறி இறங்கிய மனிதருக்கு இன்று கக்கூசுக்குப் போக இரண்டு பேர் தோள் வேண்டும்.

படியை மட்டும் திட்டாதீர்கள். கால் அதற்கு முன்னமே ஓய்ந்துவிட்டது! 2007இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், நல்ல சுகத்தோடு இருந்த முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்தார்கள். கால்களில் ஏறக்குறைய 1 கிலோ சதை கரைந்துபோனது. பத்தே நாளில்!

அம்மாமாருக்கு வேலை நின்றாலும் அடுப்பும் விறகும் பேரப்பிள்ளையும் விடுவதில்லை. அப்பாமாருக்கோ எல்லாமே ஒரே நாளில் நின்றுவிடுகிறது.

இவற்றைக் கண்டால் உஷார்!

• கையூன்றாமல் கதிரையிலிருந்து எழும்ப முடியவில்லை.
• சாரம் இடுப்பில் நிற்காமல் நழுவுகிறது.
• கோயிலுக்கும் மரண வீட்டுக்கும் போவது நின்றுவிட்டது.
• கூப்பிட்டால் கேட்கவில்லை. எதற்கும் "ம்" மட்டும்தான்.
• பகலெல்லாம் தூக்கம், பொழுதுபட்டால் கசிப்பு.
• "நான் இருந்து என்ன செய்ய" என்கிறார். இதை லேசாக எடுக்காதீர்கள்! 1926க்கு அழையுங்கள், மனநல உதவி கிடைக்கும்.
• திடீரென வாய் கோணினால், பேச்சுக் குழறினால், ஒரு நிமிடமும் காத்திராதீர்கள். 1990 அம்புலன்ஸ்!

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் வேக நடை போன்ற உடலசைவு, மூன்று நாளாவது நிலை தடுமாறாமல் நிற்கவும் தசைக்குப் பலம் தரவும் பயிற்சி. உலக சுகாதார அமைப்பு 65 தாண்டியவர்களுக்குச் சொல்வது இது. சீனி, பிரஷர், இருதய வருத்தம் இருந்தால் முதலில் டாக்டரிடம் கேளுங்கள்.

நடை மட்டும் போதாது. அவரைத் தேடி நாலு பேர் வரவேண்டும். தப்படிக்கத் தெரியுமா? காமன்கூத்துக்குப் பொடியன்மாரைப் பழக்கச் சொல்லுங்கள். கணக்குத் தெரியுமா? மரண உதவிச் சங்கக் கொப்பியைக் கொடுங்கள்.

நாளைக் காலையிலேயே உங்கள் அப்பாவின் கவ்வாத்துக் கத்தியைக் கீழே இறக்குங்கள். "கொய்யா மரம் அடைஞ்சு கெடக்குப்பா, எப்புடி வெட்டுறதுன்னு சொல்லித் தாங்க" என்று கேளுங்கள். அவர் எழும்புவார்.