ஃபோர் வீல் டிரைவ் வண்டியும் சேற்றில் சிக்குவது ஏன்?

கம்ப்யூட்டர் பத்திரிகையில் காரின் பின் அச்சுக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? இன்று பல வண்டிகளில் சேற்றிலிருந்து மீட்பது ஒரு சின்ன கம்ப்யூட்டர்தான். முதலில் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரப் பெட்டியைப் பார்த்துவிடுவோம்.

வண்டி திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். இரு சக்கரங்களுக்கு நடுவே 1.4 மீட்டர் இருந்தால், ஒரு முழு வட்டத்தில் அது சுமார் 8.8 மீட்டர் கூடுதலாக ஓடும். (வட்டம் சிறியதானாலும் பெரியதானாலும் இதே அளவுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள்!)

எஞ்சினிலிருந்து வரும் ஷாஃப்ட், பினியன் மூலம் கிரவுன் வீலைச் சுற்றுகிறது. அதோடு இணைந்த கூட்டுக்குள் சிறிய பல்சக்கரங்கள் உள்ளன. நேர்ச்சாலையில் இவை தம் அச்சில் சுழலாமல் இருபுறமும் சமமாக இழுக்கும். திருப்பத்தில் உருண்டு கொடுக்கும். கூடு நிமிடத்துக்கு 300 சுற்று என்றால் உள்சக்கரம் 280, வெளிச்சக்கரம் 320. சராசரி எப்போதும் 300.

வில்லங்கம் இங்கேதான். சாதாரண டிஃபரன்ஷியல் விசையை இருபுறமும் சமமாகவே பிரிக்கும். சேற்றில் உள்ள சக்கரம் 50 நியூட்டன் மீட்டர்தான் தாங்கும் என்றால், கெட்டித் தரையில் நிற்கும் மறு சக்கரத்துக்கும் அதே 50தான். அது அசையாது, சேற்றுச் சக்கரம் 600 சுற்றில் வெறுமனே சுழலும். முன் அச்சிலும் இதே கதை என்றால் ஃபோர் வீல் டிரைவ் இருந்தும் வண்டி நகராது.

இதற்கு ஃபோர்ஸ் கூர்க்காவில் டிஃபரன்ஷியலையே பூட்டும் வசதி இருக்கிறது. 2023ல் இந்தியாவுக்கு வந்த மாருதி ஜிம்னி வேறு வழியில் போகிறது. ஏபிஎஸ் சென்சார்கள் ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் சொல்ல, கம்ப்யூட்டர் ஒப்பிட்டு, வெறுமனே சுழலும் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடுகிறது. பிரேக் 500 நியூட்டன் மீட்டர் எதிர்த்தால் மறு சக்கரத்துக்கு 550 போய்ச் சேரும். டிவிடி பார்க்க ஒரு காலத்தில் தனி கார்டு போட்டோம், பிறகு சாப்ட்வேரே அதைச் செய்ததல்லவா? அதேதான்!

என் ஓட்டு பூட்டுக்குத்தான். பிரேக் முறையில் சக்கரம் வழுக்கிய பிறகே கம்ப்யூட்டருக்குத் தெரியவரும்; நீண்ட நேரம் போராடினால் பிரேக்கும் சூடாகும். ஆனால் பூட்டை மறந்துவிட்டுத் தார்ச்சாலையில் திரும்பினால் டயர் தேயும், அச்சு உடையவும் கூடும். நகரத்தில் மட்டும் ஓட்டுபவர்கள் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.