கட்டை மேல் ஏறும் மோட்டார் சைக்கிளும் கவனிக்க வேண்டிய சட்டமும்

மோட்டார் சைக்கிள் விளையாட்டு என்ற மாத்திரத்தில் கடற்கரைச் சாலையில் இரவு நேரத்தில் சீறிப் பாயும் வண்டிகளை நினைத்து அஞ்சுகிற பெற்றோர்களுக்கு, வேகத்துக்குச் சற்றும் இடமில்லாத ‘டிரையல்ஸ்’ என்னும் ஒரு வகை உண்டு என்பதே ஆச்சரியமாக இருக்கும். கட்டை, பாறை, மேடு பள்ளம் ஆகியவற்றின் மீது, ஏறக்குறைய நடைவேகத்தில், காலைத் தரையில் ஊன்றாமல் வண்டியைச் செலுத்துவதே அதன் சாமர்த்தியம். ஒரு முறை ஊன்றினால் 1 புள்ளியும், மூன்று முறைக்கு 3 புள்ளியும், தடத்தைக் கடக்காமல் விழுந்தால் 5 புள்ளியும் தண்டம். தண்டம் குறைந்தவரே வெற்றி பெற்றவர். ஸ்காட்லாந்தில் 1909-ல் தொடங்கிய ஆறு நாள் போட்டியில் 1952-ல் ஜானி பிரிட்டன் வென்றது ராயல் என்ஃபீல்டு புல்லட்டில்தான். அதே புல்லட்டைச் சில ஆண்டுகளில் சென்னைத் திருவொற்றியூரில் உருவாக்கத் தொடங்கினார்கள் என்பதால், இந்த விளையாட்டை நமக்கு முற்றிலும் அந்நியமென்று ஒதுக்கிவிட முடியாது.

இதற்கான பயிற்சித் தடத்தைப் பெரும் பொருட்செலவின்றி அமைத்துவிடலாம் என்பது உண்மையே. அபாயமும் வழக்கும் பெரும்பாலும் அந்தச் சிக்கனத்திலிருந்தே பிறக்கின்றன. 2011 டிசம்பரில் தானே புயலும், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலும் புதுச்சேரியைத் தாக்கியபோது எண்ணற்ற மரங்கள் வீழ்ந்தன. வீழ்ந்த மரம் யாருக்கும் சொந்தமில்லை என்று எண்ணித் தடத்துக்கு எடுத்துவருவது பெரும் பிழை. சாலையோரத்து மரம் சாய்ந்த பின்னரும் அரசின் சொத்தே ஆதலால், ஏலத்தில் எடுத்த ரசீது கையில் இல்லாமல் அதைத் தொடலாகாது. காயலான் கடையில் மலிவாகக் கிடைக்கும் ரயில் தண்டவாளக் கட்டைகளோ இன்னும் ஆபத்தானவை. முறைப்படி விற்கப்பட்டதற்கு ஆதாரமில்லாத ரயில்வே பொருளை வைத்திருப்பவருக்கு 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். அன்றியும், கிரியோசோட் தைலம் ஊறிய பழைய கட்டைகள் தோலுக்கும் சுவாசத்துக்கும் கேடு செய்பவை.

தென்னங்கட்டை நம் பக்கத்தில் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் மழையில் வழுக்கும், விரைவில் உளுத்துப்போகும். உளுத்த கட்டையில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகி, அக்கம்பக்கத்துத் தோப்புகளின் குருத்தைத் துளைத்து நாசம் செய்யும். தோப்புக்காரர் கோபித்துக்கொண்டால் அது நியாயமான கோபமே. பழைய டயர்களில் தேங்கும் நீரில் டெங்குக் கொசு முட்டையிடும். ஆகையால் அவற்றில் துளையிட வேண்டும், அல்லது மண்ணை இட்டு நிரப்ப வேண்டும். கட்டையை வெறுமனே தரையில் கிடத்தினால், பின்சக்கரம் பற்றி ஏறும் தருணத்தில் அது உருண்டு, வண்டி ஓட்டுபவர் மீதே சாய்ந்துவிடும். மூன்றில் ஒரு பங்கு மண்ணில் புதையும்படி பள்ளம் தோண்டி, இரு புறமும் சவுக்குக் கழிகளை ஆழ அறைந்து இறுக்குவதோடு, துருத்திக்கொண்டிருக்கும் ஆணிகளை ஒன்று விடாமல் பிடுங்க வேண்டும். இந்த வேலையில் அரைநாள் சோம்பினால் வருவது எலும்பு முறிவு.

இனி இடம். கடற்கரை மணல்மேடுகள் கடலோர ஒழுங்காற்று விதிகளின்படி பாதுகாக்கப்பட்டவை. ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம். இவ்விரண்டிலும் தடம் அமைக்கும் எண்ணமே வேண்டாம். தனியார் நிலமானால் உரிமையாளர் அனைவருடைய எழுத்துமூலமான சம்மதம் வேண்டும். பிரெஞ்சு மொழியில் எழுதிய பழைய பத்திரங்கள் இன்னும் பெட்டிகளில் உறங்கும் புதுச்சேரியில், பங்காளிகளில் மூத்தவர் ஒருவர் வாய்மொழியாகத் தலையசைத்ததை நம்பிக் கட்டைகளை இறக்குவது விவேகமன்று. வேலியிட்ட நிலத்துக்குள் பதினைந்து வயதுப் பிள்ளை பழகலாம்; ஆனால் அதே பிள்ளை வண்டியைச் சாலையில் ஓட்டி வந்தால், 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் நேரும். பதிவெண் இல்லாத வண்டியைக் குட்டியானை என்னும் சிறு சரக்கு வண்டியில் ஏற்றிச் செல்வதே தகும்.

விபத்துக்குத் தாமே பொறுப்பு என்று பயிற்சிக்கு வருவோரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு நிம்மதியடைகிற அமைப்பாளர்கள் உண்டு. பதினெட்டு வயது நிறையாதவர் இட்ட கையெழுத்து ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. வயது வந்தோர் கையெழுத்திட்டாலும், அலட்சியத்தால் உயிரிழப்பு நேருமாயின் பாரதிய நியாய சன்ஹிதையின் 106-ஆம் பிரிவிலிருந்து அந்தக் காகிதம் காப்பாற்றாது. சாதாரண இருசக்கர வாகனக் காப்பீடு பந்தயங்களையும் வண்டியின் தாங்குதிறன் சோதனைகளையும் விலக்கியே எழுதப்படுவதால், அதன் நிபந்தனைகளை முன்கூட்டிப் படித்துப் பார்த்து, தனி விபத்துக் காப்பீடு எடுப்பது நலம்.

அண்டை வீட்டாருக்கும் உரிமை உண்டு. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல் என்ற வரம்பை வெகுவாக மீறும் இரைச்சலைக் குறித்து மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்திடம் முறையிடலாம்; தொல்லை நீடித்தால் நிர்வாக நடுவரை அணுகலாம். கட்டணம் வாங்கிப் பயிற்சி அளித்த இடத்தில் குறைபாட்டால் காயமடைந்தவர், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நஷ்டஈடு கோரலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் மனுவுக்குக் கட்டணமே இல்லை. அதற்கு ரசீதும், விபத்து நடந்த அன்றே எடுத்த தடத்தின் படங்களும், மருத்துவமனைச் சீட்டும் பத்திரமாக இருக்க வேண்டும். வழக்கறிஞரை அமர்த்த வசதியில்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணையத்தை அழைக்கலாம். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் வருமான வரம்பு பாராமலே அங்கு இலவச உதவி கிடைக்கும்.