காற்றுக் குதிரை

குதிரை பூட்டாத வண்டிக்குச் சுங்கம் எப்படி வசூலிப்பது? இங்கிலாந்தில், பிரிஸ்டல் நகரத்துப் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் போக்காக் என்பவர், 1826-ம் வருஷத்தில், பட்டங்கள் இழுத்துச் செல்லும் வண்டி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அந்நாளில் சாலைச் சுங்கம் குதிரைகளின் எண்ணிக்கையைப் பொறுத்திருந்தது. போக்காக்கின் வண்டியிலோ ஒரு குதிரைகூட இல்லை! ஆகவே, சுங்கம் செலுத்தாமலே அவர் சாவடிகளைக் கடந்து சென்றார் என்பார்கள். கிரிக்கெட் பிரியர்களுக்கு இன்னொரு செய்தி: புகழ்பெற்ற ஆட்டக்காரர் டபிள்யூ. ஜி. கிரேஸ் இவருடைய மகள் வயிற்றுப் பேரர்தான்.

நெடுங்காலம் உறங்கிக் கிடந்த இந்த வித்தைக்கு, 1990-ம் வருஷத்தை ஒட்டி, நியூஸிலாந்தின் ஆஷ்பர்ட்டன் ஊரைச் சேர்ந்த பீட்டர் லின் புத்துயிர் அளித்தார். அவர் அமைத்த சிறு வண்டிக்கு மூன்று சக்கரங்கள், தாழ்ந்த ஆசனம். முன் சக்கரத்தைக் கால்களாலேயே திருப்ப வேண்டும். கைகளுக்குத்தான் வேறு வேலை இருக்கிறதே!

நம் வீட்டுச் சிறுவர்கள் பட்டத்தை இழுக்கிறார்கள். இங்கே பட்டம் மனிதனை இழுக்கிறது. இதற்குக் குச்சியும் காகிதமும் போதா. காற்றை விழுங்கி உப்பும் துணிப் பட்டம் வேண்டும். புதிதாகப் பழகுபவருக்கு இரண்டு மூன்று சதுர மீட்டர் அளவே போதுமானது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், இழுக்கும் வலிமை நான்கு மடங்காகும் என்பதை மறக்கலாகாது. காலையில் சாதுவாக இருந்த பட்டம், மாலையில் ஆளையே தரையோடு இழுத்துப் போகலாம்.

முதலில் வண்டி வேண்டாம். மரமும் மின்சாரக் கம்பியும் ஜன நடமாட்டமும் இல்லாத திறந்த வெளியில், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று பழக வேண்டும். நமக்கு நேர் எதிரே தாழப் பறக்கும்போது பட்டம் மூர்க்கமாக இழுக்கும். பக்கங்களின் ஓரத்துக்கு நகர்ந்தால் சாந்தமடையும். இந்த வேற்றுமை கைக்குப் பழகிய பிறகே வண்டியில் அமரலாம். கடல் வற்றிய நேரத்து ஈர மணல் இதற்கு உத்தமமான களம். காற்றுக்குக் குறுக்காக ஓட்டுவதே முறை. வண்டிக்குத் தடை கிடையாது. காற்று வரும் திசையை நோக்கி வண்டியைத் திருப்பி, பட்டத்தை ஓரத்துக்குக் கொண்டு போனால் வேகம் தணியும். தலைக் கவசம் அவசியம். விறைத்து நிற்கும் கயிறு கத்தியைப் போல் அறுக்குமாகையால், அதைக் கையில் சுற்றிக்கொள்வது பெரும் பிழை.

எல்லாவற்றிலும் முதன்மையான பாடம் ஒன்று உண்டு. பட்டத்தின் நான்கு கயிறுகளில் மேலிரண்டு இழுப்பவை, கீழிரண்டு அடக்குபவை. கைப்பிடிகளை விட்டுவிட்டால், மணிக்கட்டு வார்களோடு பிணைத்த கீழ்க் கயிறுகள் மட்டும் பட்டத்தைப் பின்புறமாகப் பற்றிக்கொள்ளும். உடனே அது வலிமையிழந்து விழும். ஆனால் அபாயம் வந்த கணத்தில் மனித சுபாவம் என்ன செய்கிறது? இன்னும் இறுகப் பற்றுகிறது! பெரும் விபத்துக்கள் இப்படித்தான் நேர்கின்றன. ஆகையால், மெல்லிய காற்று வீசும் நாளிலேயே, பத்து முறை, இருபது முறை, வேண்டுமென்றே கைகளை விட்டுப் பழக வேண்டும்.

குதிரைக்குக் கடிவாளம் உண்டு, காற்றுக்கு இல்லை. விடத் தெரிந்தவனே அதன் மேல் சவாரி செய்யத் தகுந்தவன்.